அப்பு சாரின் கடைசித் திருத்தம்

போன ஞாயிற்றுக்கிழமை மாலை மயிலாப்பூரில் ஓர் இரங்கல் கூட்டம். பத்திரிகைக்கு எழுதப் போயிருந்தேன். மேடைக்குப் பின்னாலிருந்த அறையில் கமலம் ஒரு போஸ்ட்கார்டை என் கையில் கொடுத்தார்.

"படிங்கோ சார். படிச்சுட்டு நான் என்ன பண்ணணும்னு சொல்லுங்கோ."

கூட்டம் தொடங்கப் பத்து நிமிஷம் இருந்தது.

இறந்தவர் அப்பு சார். குளத்துக்கு மேற்கே ஒரு சின்ன வீட்டில் இருபது வருஷம் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர். காலையில் பாடம், மத்தியானம் பழைய கையெழுத்துப் பிரதிகளை ஒன்றோடொன்று ஒத்துப் பார்க்கிற வேலை. கமலம் அவருடைய முதல் மாணவி. இப்போது தியாகராய நகரில் தானே பாட்டு வகுப்பு நடத்துகிறார்.

கார்டு, அப்பு சார் இறப்பதற்கு முதல் நாள் எழுதியது.

"சௌ. கமலத்துக்கு ஆசீர்வாதம். அந்தக் கீர்த்தனையின் பழைய பிரதி ஒன்று கிடைத்தது. அனுபல்லவியில் சின்ன தைவதம்தான். இத்தனை வருஷம் பெரிய தைவதமாகத் தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். திருத்திக்கொள். மற்றவர்களுக்கு நாளை எழுதுகிறேன்."

அந்த நாளை அவருக்குக் கிடைக்கவில்லை.

தைவதம் என்கிற ஒரு ஸ்வரம் பெரிசாய் அரைப்படி மேலே நிற்பதா, சின்னதாய்க் கீழே நிற்பதா... இதற்கா இத்தனை பதற்றம் என்பீர்கள். ஐந்து வருஷத்துக்கு முன் அடையாற்றில் வித்வான்கள் கூடியிருந்தபோது, இந்த இடத்தில் சின்ன தைவதம்தான் என்று ஒரு பாகவதர் வாதாடினார். தன் குரு அப்படிப் பாடக் கேட்டதாகச் சொன்னார். "எழுத்தில் காட்டுங்கள்" என்றார் அப்பு சார். காட்ட ஒன்றும் இல்லை. கூட்டம் சிரித்தது. அன்று முதல் ஒருவரைக் கண்டால் மற்றவர் வேறு தெருவில் திரும்பிவிடுவார்.

அந்தப் பாகவதர் இந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நிகழ்ச்சியில் முதலாவது — பதினொரு சிஷ்யர்களும் சேர்ந்து அதே கீர்த்தனை!

"சபா காரியதரிசிகிட்ட காட்டினேளா?" என்று கேட்டேன்.

"காட்டினேன். 'பைக்குள்ள வச்சுக்கோங்கோம்மா, செத்தவர் மானத்தை மைக்கில வாங்காதீங்கோ'ங்கறார்." கமலம் வாசல் பக்கம் பார்த்தார். "பெரிசாப் பாடினா அவர் பேச்சைத் தட்டினதா ஆறது. சின்னதாப் பாடினா எனக்குப் பாட வரலைம்பா. கார்டைக் காட்டினா அவருக்கே தெரியலைன்னு ஆயிடும். அதுவும் யார் முன்னாடி, பாருங்கோ."

நான் என்ன சொன்னேன்? "யோசிச்சுச் செய்யுங்கோ" என்றேன். யோசனை எதுவும் இல்லாதவர்கள் சொல்வது.

யுத்த காலத்தில் ஜன்னல்களில் ஒட்டிய கறுப்புக் காகிதம் இன்னும் முழுதாக உரியவில்லை. ஹாலில் காற்றே இல்லை. பல்லவி முடிந்தது. அனுபல்லவியில் பத்துக் குரல்கள் மேலே நின்றன. ஒரு குரல் கீழே நின்றது.

மைக் அதை மூலை முடுக்கெல்லாம் கொண்டுபோயிற்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் கமலத்தை முழங்கையால் இடித்தாள். அந்த வரி மறுபடி வந்தது. மறுபடியும் கீழே.

"என்ன ஓய், குருவுக்கே அபஸ்வரத்துல அஞ்சலியா?" என்றார் எனக்குப் பின்னால் ஒருவர்.

பாகவதரின் தாளம் தொடையில் நின்றுவிட்டது.

பாட்டு முடிந்ததும் கமலம் மைக்கை இழுத்துக் கார்டை வாசித்தார். ஒரு வார்த்தை விடாமல். காரியதரிசி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாகவதர் எழுந்தார். ஐந்து வருஷத்துச் சிரிப்புக்கு இன்று பதில் வரும் என்று ஹாலே காத்திருந்தது. மறைப்பானேன் — நானும் பென்சிலை எடுத்துவிட்டேன்.

அவர் மேடையருகே போய்க் கார்டைக் கேட்டு வாங்கினார். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். திருப்பி, விலாசத்தையும் படித்தார்.

"நாளைக்கு எழுதறேன்னு போட்டிருக்காரே," என்றார் மெல்ல. "இருந்திருந்தா, எனக்கும் ஒண்ணு போட்டிருப்பாரோ?"

"உங்களுக்குத்தான் முதல்ல போடறதா இருந்தார்," என்றார் கமலம், உடனே.

அரைப்படி தைவதத்தை விட்டுக்கொடுக்காத அந்த அம்மாள், அந்த மாலையில் தெரிந்தே சொன்ன பொய் அது ஒன்றுதான்.