அப்பாவுக்கு அண்ணன் ஆக்கிய மீன்

எங்கள் அண்ணன் எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுதும் பொறுப்பைக் குடும்பத்தார் தங்கையான என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். அண்ணன் வாழ்ந்தது முப்பத்திரண்டு ஆண்டுகள்தாம். ஏரியை ஒட்டிய ஒரு விடுதியில் சமையற்காரராக இருந்தார். பட்டமோ பதவியோ அவருக்குக் கிடையாது. ஆனாலும் என் பதினோராம் வயதில் எங்கள் வீட்டு அடுப்படியில் நான் கண்டதை இன்று நினைத்தாலும் மெய் சிலிர்க்கிறது. முக்கியமாக அதைச் சொல்லவே எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது மலைக் கிராமமான பள்ளங்கியில். அப்பாவுக்கு லாரியில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலை. என்னைப் பெற்ற பிறகு அம்மா நெடுநாள் படுக்கையில் கிடந்தார்களாம். அப்போது ஒன்பது வயதான அண்ணன்தான் கஞ்சி வைத்து, அம்மாவுக்கும் கொடுத்து, எனக்கும் பால் புகட்டியிருக்கிறார். பிறகு கொடைக்கானலுக்குக் குடி வந்தோம். பதினெட்டு வயதில் விடுதிச் சமையலறையில் வேலைக்குச் சேரப்போவதாக அண்ணன் சொன்னதும் அப்பாவுக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

"ஏலே, மூட்டை தூக்குறவன் மகன் முட்டை அவிக்கவா போற? போ. இனிமே எங்கூடப் பேசாத."

அண்ணன் துணிமணியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். விடுதியிலேயே தங்கிக்கொண்டார். அப்பா லோடு ஏற்றப் போயிருக்கும் நேரம் பார்த்து வந்து அம்மாவையும் என்னையும் பார்த்துவிட்டுப் போவார். இப்படியே இரண்டு வருடம் போயிற்று.

அந்த ஆண்டு மழைக்காலத்தில், உருளைக்கிழங்கு ஏற்றிப் போன லாரி மலைப்பாதை வளைவில் கவிழ்ந்தது. அப்பாவின் கீழ்த்தாடை உடைந்துவிட்டது. மதுரை ஆஸ்பத்திரியில் கம்பி போட்டுக் கட்டி, ஒன்றரை மாதம் கழித்து அவிழ்த்து அனுப்பினார்கள். மலை போல இருந்த மனிதர், மெலிந்துபோய்க் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து இறங்கினார். வாய் இரண்டு விரற்கடைக்கு மேல் திறக்கவில்லை. ஒரு பக்கத்தில் பல்லே இல்லை. கஞ்சியைக்கூட இரண்டு மடக்குக்கு மேல் குடிக்க மாட்டார்.

வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர் அம்மாவைத் தனியே கூப்பிட்டு, "வெறும் கஞ்சி பத்தாதும்மா. சத்தான சாப்பாடு உள்ள போகணும். இல்லேன்னா உடம்பு தாங்காது" என்றார்.

அப்பாவுக்குப் பிடிக்குமே என்று அம்மா மீன் குழம்பு வைத்தார்கள். மிளகாய் வாய்ப்புண்ணில் பட்டு எரிந்தது. போதாததற்கு ஒரு முள் ஈறில் குத்திவிட்டது. அப்பா தட்டைத் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். அதன்பின் இரண்டு நாள் தண்ணீரைத் தவிர வேறெதையும் தொடவில்லை. "விடு. போறேன்" என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார்.

நான் விடுதிக்கு ஓடினேன். அண்ணன் ஈரக் கையோடு வெளியே வந்து, நான் அழுதுகொண்டே சொன்னதையெல்லாம் கேட்டார். "வாய் எவ்வளவு தொறக்குது?" என்று ஒன்றுதான் கேட்டார். விரலை வைத்துக் காட்டினேன்.

மறுநாள் மாலை ஆறு மணிக்கு அண்ணன் வந்து நின்றார். விடுதியில் இரவுச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் திரும்ப வேண்டும். நடக்கிற நேரம் போக, சமைக்க மீதி அரை மணி நேரம்தான். அவர் கையில் ஒரு தகர டப்பா, அதில் உயிரோடு ஒரு விரால். கன்னிவாடிப் பக்கத்துக் கண்மாய்களில் பிடிக்கிற விராலை வத்தலக்குண்டு வழியாகப் பஸ்ஸில் கொண்டுவருவார்கள். கொஞ்சம் தண்ணீர் இருந்தால் இரண்டு நாள்கூடச் சாகாமல் கிடக்கும்.

சாம்பலைத் தேய்த்து வழவழப்பைப் போக்கினார். கழுத்தைச் சுற்றிக் கீறி, தோலைச் சட்டை கழற்றுவதுபோல ஒரே இழுப்பில் உரித்தார். கத்தியை நடுமுள்ளோடு ஒட்ட வைத்து வால்வரை ஓட்டினார். இந்தப் பக்கம் ஒரு துண்டு, அந்தப் பக்கம் ஒரு துண்டு. ஒவ்வொரு துண்டையும் விரல் நுனியால் தடவி, மிஞ்சிய முள்ளையும் பிடுங்கினார். நான் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"விடுதியில இதைப் பாலு ஊத்தி வேக வைப்போம்மா" என்றார்.

அம்மா பதறிப்போனார்கள். "மீனுக்குப் பாலா? வேணாம்ப்பா, மேலுக்கு ஆகாது."

"சரிம்மா, வேணாம்" என்று சிரித்துவிட்டு, வாணலியில் வெண்ணெய் போட்டு, உப்பும் துளி மிளகுத்தூளும் தூவிய துண்டுகளை இளஞ்சூட்டில் வைத்தார். கண்ணாடி போலிருந்த சதை ஓரத்திலிருந்து பால் வெள்ளையாக மாறிக்கொண்டே வந்தது. மெதுவாகத் திருப்பி, கொஞ்ச நேரத்தில் இறக்கி, நாலு சொட்டு எலுமிச்சை பிழிந்தார். விரலால் தொட்டதும் இதழ் இதழாகப் பிரிந்தது. அதைக் குழைந்த சோற்றோடு கிண்ணத்தில் சேர்த்து அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அதை அப்பாவுக்கு ஊட்டக் கொண்டுபோனார்கள்.

"இது யாரு ஆக்குனது?" என்றார் அப்பா.

"மொதல்ல சாப்பிடுங்க. பெறகு சொல்றேன்" என்றார்கள் அம்மா.

அப்பா ஒரு வாய் வாங்கினார். மெல்லவே தேவைப்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். மறுபடி வாயைத் திறந்தார். கிண்ணம் காலியானதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்துவிட்டு, அண்ணன் விடுதிக்கு ஓடினார்.

அதன்பின் தினமும் ஆறு மணிக்கு வந்தார். யார் ஆக்கியது என்று அப்பா மறுபடி கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தபடி அப்பா அடுப்படிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் பேய் மழை. ஆறேகால் ஆகியும் அண்ணன் வரவில்லை. அப்பா எழுந்து உட்கார்ந்தார்.

"என்ன, இன்னும் காணோம்?"

"யாரை?" என்றார்கள் அம்மா.

"பெரியவனைத்தான். மழையில எங்க நிக்கிறானோ."

மலைப்பாதையில் மரம் விழுந்து பஸ் கீழேயே நின்றுவிட்டதாம். அண்ணன் மழையில் நடந்தே இறங்கிப் போய், பஸ்ஸிலிருந்து மீனை வாங்கிக்கொண்டு ஏறி வந்திருக்கிறார். தொப்பலாக நனைந்து, டப்பாவோடு வாசலில் நின்றார்.

"ஏலே, மொதல்ல தலையைத் தொடை" என்றார் அப்பா.

இரண்டு வருடத்துக்குப் பிறகு மகனிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது. பிறகு கம்பை ஊன்றிக்கொண்டு அடுப்படிக்கே வந்து, விறகுக் கட்டையின் மேல் உட்கார்ந்து, அண்ணன் கையையே பார்த்தார். "ஒரு முள்ளு இல்லாம எப்படிலே எடுக்கிற?" என்று கேட்டார். அண்ணன் அப்பாவின் விரலைப் பிடித்து, மீன் துண்டின் மேல் வைத்துத் தடவிக் காட்டினார்.

மூன்று மாதத்தில் அப்பா தேறினார். அண்ணன் பின்னாளில் விடுதியின் தலைமைச் சமையற்காரரானார். அண்ணியைக் கைப்பிடித்தார். இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தார்கள். என்னை ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்பியவரும் அவரே. காய்ச்சலில் கிடந்தவர், பல் போனவர், பிள்ளை பெற்றவர் என்று யார் வீட்டிலிருந்து ஆள் வந்தாலும், வேலை முடிந்த கையோடு போய் ஆக்கிக் கொடுத்துவிட்டு வருவார். சென்ற ஆண்டு நெஞ்சுவலியால் சமையலறையிலேயே சாய்ந்தார். பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தும் எங்களுக்கு மிஞ்சவில்லை.

அந்தப் பத்து நாளும் மாறி மாறி உடனிருந்த விடுதித் தோழர்களுக்கும், அண்ணிக்கு அங்கேயே வேலை கொடுத்த மேலாளர் அம்மையாருக்கும், குழந்தைகளைத் தங்கள் பிள்ளைகளோடு வைத்துப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு ராவுத்தர் குடும்பத்தாருக்கும், கிளாவரை மலைக் கிராமத்திலிருந்து கொட்டும் பனியில் நடந்து வந்து தோள் கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் நன்றி.

இந்த மலரை அப்பாதான் ஒவ்வொருவர் கையிலும் தருவார். தரும்போது உங்கள் கையைச் சற்று நேரம் விடாமல் பிடித்துக்கொண்டால் பொறுத்தருளுங்கள். மகனைப் பற்றிப் பேச அவருக்கு இன்னும் வார்த்தை வரவில்லை.