எட்டரை மணி வெள்ளிமலை பஸ்

மூங்கில்துறைப்பட்டு மில்லுக்குக் கரும்பு வெட்டிய கை இது. மூணாங்கிளாஸுக்கு மேல் பள்ளிக்கூடப் பக்கம் போகாதவன் நான். இன்றைக்கு இருசப்பன் ஹார்டுவேர்ஸ் என்றால் கள்ளக்குறிச்சியில் தெரியாத கொத்தனார் கிடையாது. கடைவீதி வியாபாரிகள் சங்கத்துக்கும் நான்தான் தலைவர். எதிர்த்து நிற்க இதுவரைக்கும் ஒருத்தனுக்கும் தைரியம் வந்ததில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன், மறைப்பானேன்? ஆனால் இது என் கதை இல்லை. என் கதையை எழுதினால் சங்கத்து ஆண்டுமலர் தாங்காது. இது எங்கள் ஷேக் மைதீன் பாயைப் பற்றியது.

பாய் வைத்திருப்பது வளையல் கடை. மேற்குப் பார்த்த வாசல். மத்தியானத்துக்கு மேல் வெயில் சரிந்து உள்ளே வந்தால் கண்ணாடி வளையல் அடுக்குகளில் பட்டு, கூரை முழுக்கப் பச்சையும் சிவப்பும் தண்ணீர் மாதிரி அலையும். பாய் அதற்கடியில் உட்கார்ந்து தூரத்து மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். மழை பெய்து வெளுத்த நாளில் கல்வராயன் மலை நீலக்கோடாகத் தெரியும். மற்ற நாளில் ஒன்றும் தெரியாது. அப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

அவர் சம்சாரம் ஜீனத்துன்னிசா ஒருநாள் என்னிடமே சொன்னது: "எங்க வூட்டுக்காரரு பாதி நேரம் மலை மேல, மீதி நேரம் மெட்ராஸ் கோட்டையில. கடையில யாரு இருக்கறதுன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க தலைவரே."

கடையில் இருந்தது சிவரஞ்சனி. வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். அப்பன் மாதன் சாமையும் மரவள்ளியும் போடுகிறவர். இந்தப் பெண் கையைப் பிடித்து வளையல் ஏற்றினால் ஏறினதே தெரியாது. கல்யாண வீட்டுக்காரர்கள் "அந்த மலைப் பொண்ணு இருக்குதா?" என்று கேட்டுக்கொண்டுதான் படி ஏறுவார்கள். தொழிலை நன்றாகக் கற்றுக்கொண்டு வெள்ளிமலையில் சொந்தமாக ஒரு ஃபேன்சி ஸ்டோர் போட வேண்டும் என்பது அவள் ஆசை. கடைக்கு என்ன நிறத்தில் பெயிண்ட் அடிப்பது என்பது வரைக்கும் முதலாளியும் அவளும் பேசி வைத்திருந்தார்கள். கனவு காண்கிற முதலாளிக்கு அப்படியே ஒரு ஆள் வாய்த்தது.

தொல்லை எங்கே என்றால் பஸ்ஸில். வளையல் வியாபாரம் விளக்கு போட்ட பிறகுதான் சூடு பிடிக்கும். மலைக்குப் போகிற கடைசி பஸ்ஸோ விளக்கு போடுகிற நேரத்துக்கே கிளம்பிவிடும். போதாக்குறைக்குச் சட்டம் வேறு. ராத்திரி எட்டு மணிக்கு மேல் பெண்களை வேலைக்கு வைத்துக்கொள்வதென்றால் அவர்கள் சம்மதித்து எழுதித் தர வேண்டும், பத்திரமாக வீடு போய்ச் சேர முதலாளி வண்டி ஏற்பாடு செய்ய வேண்டும். வளையல் விற்கிறவன் மலைக்கு வண்டிக்கு எங்கே போவான்? துணிக்கடை, மருந்துக்கடை எல்லாவற்றிலும் இதே கதைதான். ஒவ்வொரு கடையாக மலைப் பெண்களை நிறுத்திக்கொண்டிருந்தார்கள்.

ஒரு சாயங்காலம் கூட்டத்தில் நேரம் போனது தெரியாமல் சிவரஞ்சனி பஸ்ஸை விட்டுவிட்டாள். ஜீனத்துன்னிசா தன் வீட்டிலேயே படுக்க வைத்துக்கொண்டார். மறுநாள் காலையில் மாதன் வந்து கடை வாசலில் நின்றார். கோபமாகப் பேசத் தெரியாத மனுஷன்.

"பாய், உங்க மேல குத்தமில்ல. ஆனா ராத்திரிக்குப் புள்ள வூடு வந்து சேரணும். நோம்பு மாசத்துல கடை ஜாஸ்தி நேரம் ஓடும்னு சொல்லுது. அதுக்குள்ள ஒரு வழி சொல்லுங்க. இல்லன்னா நிறுத்திக்கிறேன்."

அதுதான் கெடு. நோன்புப் பிறை தெரிவதற்குள் வழி பிறக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் பட்ஜெட்டுக்கு முன்னால் வியாபாரிகளின் கருத்தைக் கேட்கிறோம், சங்கத்துக்கு ஒருவர் பேசலாம் என்று சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. கள்ளக்குறிச்சிக்கு அப்படி ஒரு அழைப்பு வந்தது நான் தலைவரான காலத்தில்தான், குறித்துக்கொள்ளுங்கள். சங்கத்தைக் கூட்டினேன். செல்போன் கடை சுபாஷ் எழுந்தான்.

"எட்டு மணிச் சட்டத்துலேருந்து சின்னக் கடைங்களுக்கு விலக்கு கேப்போம். வண்டி விட நம்மகிட்ட இன்னா இருக்குது?"

எல்லோரும் தலையாட்டினார்கள். பாய் மட்டும் எழுந்து, "சட்டம் இருந்துட்டுப் போவட்டும் தம்பி. அது நம்ம புள்ளைங்களுக்குத்தானே இருக்குது. பட்ஜெட்டுல ஒரு பஸ் கேப்போம். எட்டரை மணிக்கு, வெள்ளிமலைக்கு" என்றார்.

"பஸ்ஸு கேக்கப் போயி வளையலுக்கு மானியம் கேட்டுட்டு வந்துடப் போறீங்க பாய்!" என்றான் சுபாஷ். மண்டபமே சிரித்தது. பாயும் சிரித்தார்.

நான் கையைத் தூக்கினேன். "பாய் பேசுவாரு. நான் கூடப் போறேன்" என்றேன். என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. ஆளைப் பார்த்து எடை போடுவதில் எனக்கு நிகர் நானேதான்.

அன்றையிலிருந்து பாய்க்கு வேறு நினைப்பே இல்லை. வளையல் வாங்க வந்தவர்களிடமெல்லாம் அந்த பஸ்ஸைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். எட்டரைக்கு எடுக்கும். கச்சிராயபாளையத்தில் ஒரு நிமிஷம் நிற்கும். கோமுகி அணை ஓரம் போகும்போது தண்ணீரில் பஸ்ஸின் விளக்கு வரிசை தலைகீழாகக் கூடவே ஓடிவரும். மேலே ஏற ஏறச் சன்னல் கண்ணாடி பனியில் வெளுக்கும். டிரைவர் மலைப்பாதை பழகின நிதானமான ஆள். கண்டக்டர் சில்லறைக்கு முணுமுணுக்கிறவர், ஆனால் நல்லவர். பின் சீட்டில் யாரோ ஒருத்தர் கூடையில் கோழி வைத்திருப்பார். கடை அடைத்துவிட்டுப் போகிற பெண்களெல்லாம் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து தூங்குவார்கள்.

இல்லாத பஸ்ஸை இவர் இப்படி ஓட்டினதில் ஒரு வேடிக்கை நடந்தது. ஒரு நாள் எட்டு மணிக்குக் கடையைப் பூட்டிக்கொண்டு போகிறேன், பஸ் ஸ்டாண்டில் மலைக்காரப் பெண்மணி ஒருத்தி, பெயர் காசியம்மாள், சாக்குமூட்டை மேல் உட்கார்ந்திருக்கிறாள்.

"இன்னா ஆயா, எங்க போவணும்?"

"வெள்ளிமலை பஸ்ஸுக்கு உக்காந்துகினு இருக்கிறன் சாமி. எட்டரைக்காமே. வளையக்கடை பாய் சொன்னாரு."

சிரிப்பு வந்தது. என் காரில் ஏற்றி மலையில் கொண்டுபோய் விட்டு வரச் சொன்னேன். என்கிட்ட கார் இருந்தது, அனுப்பினேன்.

சென்னைக் கூட்டம். குளுகுளுவென்று பெரிய மண்டபம். சத்தமெல்லாம் கம்பளத்தில் அமுங்கி, மனுஷர்கள் மேகத்தில் நடக்கிற மாதிரி நடந்தார்கள். மேடையில் வரிசையாகப் பெரிய அதிகாரிகள். ஒவ்வொரு சங்கத்துக்கும் கொஞ்ச நேரம், முடிந்தால் மணி அடிப்பார்கள். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் ஏறி, வணக்கம் கூடச் சொல்லாமல் தொழிலாளர் சட்டம், வரி, கரண்டுக் கட்டணம் என்று மூன்றே மூச்சில் முடித்துவிட்டு இறங்கினார். எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. சபைக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

பாய் ஏறினார். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, கண்ணில் அந்த மலையைப் பார்க்கிற பார்வை.

"இந்தச் சபைக்குத் தலைமை தாங்கி அமர்ந்திருக்கிற பெருமதிப்புக்குரிய அதிகாரி அவர்களே!" என்று ஆரம்பித்தார். எங்கள் ஊரில் அப்படித்தான் பேசுவோம். ஒருத்தர் பெயரை விட்டால் அந்த மனுஷன் ஆயுசுக்கும் முகம் கொடுக்க மாட்டான். மேடையில் இருந்த அத்தனை பேருக்கும் பட்டமும் பதவியும் சொல்லி "அவர்களே" போட்டார். முன் வரிசைக்குப் போட்டார். வெளியூரிலிருந்து வந்த சங்கத் தலைவர்களுக்குப் போட்டார். "என் கரம் பிடித்து அழைத்து வந்த எங்கள் சங்கத்தின் சிங்கம் இருசப்பன் அவர்களே" என்றபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பெண்ணுக்கும், மைக் செட்காரருக்கும் கூடப் போட்டார்.

அப்புறம் ஒரு மூச்சு விட்டு, "எங்க ஊரு கள்ளக்குறிச்சிங்க. எங்க ஊருக்கு மேக்கால ஒரு மலை இருக்குதுங்க" என்றார்.

மணி அடித்தது.

"நன்றி ஐயா. மீதியை எழுத்துல கொடுத்துடுங்க" என்றார் மேடையில் ஒருவர், மரியாதையாகத்தான். பாய் மைக்கைப் பார்த்தார். அதிகாரிகளைப் பார்த்தார். "நன்றிங்க" என்று கும்பிட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரம்! காரில் ஏறினதும் பிடித்துக்கொண்டேன். "இன்னா பாய் இது! மைக் செட்காரனுக்கு வணக்கம் சொல்லவா இம்மாந்தூரம் வந்தோம்?" அவர் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். விக்கிரவாண்டி தாண்டியும் திரும்பவில்லை.

உளுந்தூர்பேட்டையில் டீ குடிக்க நிறுத்தினோம். பொழுது சாய்கிற நேரம். லாரிகள் கிளப்பின புழுதியில் வெயில் பட்டு ரோடு முழுக்க மஞ்சள் பூசினது போல மிதந்தது. பாய் டீ கிளாஸை ரெண்டு கையிலும் பிடித்துக்கொண்டு மேற்கே பார்த்தபடி நின்றார். திடீரென்று சொல்ல ஆரம்பித்தார். "எங்களுக்குச் சட்டத்தை மாத்த வேணாங்க. அது எங்க புள்ளைங்க பத்திரத்துக்கு இருக்குது, இருக்கட்டுங்க. நாங்க கேக்கறது ஒரு பஸ்ஸுங்க." மண்டபத்தில் சொல்லாமல் விட்டதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். அணைத் தண்ணீரும் பனியும் கோழிக்கூடையும் எல்லாம் வந்தன. டீ போடுகிறவர் ஆற்றுவதை நிறுத்திவிட்டார். லாரிக்காரர் ஒருவர் பீடியைப் பற்ற வைக்க மறந்து நின்றார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அந்த பஸ் ஹாரன் அடிக்கிற சத்தம் கேட்டது.

முடித்துவிட்டு, "அவ்வளவுதாங்க" என்று டீ கிளாஸை வைத்தார். "சிவரஞ்சனிகிட்ட போயி இன்னா சொல்றது அண்ணே?"

தலைவரே என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு அண்ணே என்றுவிட்டார். எனக்கு ஒரு நொடி போதும் முடிவெடுக்க.

"யோவ் பாய், சட்டம் இன்னா சொல்லுது? மொதலாளி வண்டி விடணும்னு சொல்லுது. நம்ம கடைவீதியில எத்தனி மொதலாளி? ஒருத்தன் தனியா விட முடியாது, சேந்தா முடியாதா? பெயிண்ட் டப்பா ஏத்துற என் வேன் நிக்குது. சீட்டு போட்டுத் தரேன். டீசல் நீங்கள்லாம் பாத்துக்கங்க."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ரொம்ப நேரம் விடவில்லை.

இப்போது எல்லோரும் சொல்லலாம், இது பெரிய விஷயமா என்று. இத்தனை நாளாகச் சட்டத்தில் விலக்கு கேட்டு நின்ற சங்கத்தை அந்தச் சட்டத்தின்படியே நடக்க வைத்தேன், யாரால் முடிந்தது? சுபாஷ்தான் முதலில் கையெழுத்துப் போட்டான். அவன் கடையிலும் ஒரு மலைப் பெண் வேலைக்கு இருந்தாள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. பாய் ஒன்றே ஒன்று கேட்டார்: சங்கத்துத் தீர்மானத்தில் "அரசு பஸ் வரும் வரை" என்று எழுதச் சொன்னார். எழுதினோம்.

நோன்பு பிறந்த அன்றைக்கு முதல் வண்டி. பெண்கள் எல்லோரும் சம்மதம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பாய் நோன்பு திறந்துவிட்டு, ஒரு பொட்டலம் பேரீச்சம்பழத்தோடு முன் சீட்டில் ஏறிக்கொண்டார். வேன் யாருடையது? அதனால் நானும் ஏறினேன்.

அணை ஓரம் வந்ததும் பாய் சன்னலில் எட்டிப் பார்த்தார். தண்ணீர் இருட்டில் கிடந்தது. எங்கள் வேனின் விளக்கு மட்டும் ஒற்றைப் பொட்டாக அதில் கூடவே வந்தது. ஏற ஏறக் குளிர். பின்னால் பேச்சு ஒவ்வொன்றாக அடங்கியது. திரும்பிப் பார்த்தேன். சிவரஞ்சனி கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பனி வந்து ரோட்டை மூடியது, திறந்தது, மறுபடி மூடியது. நாங்கள் மேலே போகிறோமா, மலைதான் கீழே இறங்குகிறதா என்று தெரியவில்லை.

அவர்கள் ஊர் முனையில் மாதன் போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தார். சிவரஞ்சனி கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கினாள். மாதன் அவளைப் பார்த்தார். வேனுக்குள் இன்னும் யார் யார் இருக்கிறார்கள் என்று குனிந்து பார்த்தார். பாயிடம் வந்தார்.

"இது நாளைக்கும் வருமா பாய்?"

"நாளைக்கும் வரும்."

"நோம்பு முடிஞ்ச பெறவு?"

பாய் என்னைப் பார்த்தார். "வரும்யா, வரும்!" என்றேன் நான்.

மாதன் பெண்ணின் கையிலிருந்த பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். "அப்போ இவளும் நாளைக்கு வருவா" என்று சொல்லிவிட்டு, பனிக்குள் நடந்தார்.