சவுரிராயன் போட்ட கிளாம்பு

திண்டிவனத்தில் வேங்கடேசனின் பஸ் ஷெட்டில் ஃபிட்டராக இருந்த சவுரிராயனுக்கு, முதலாளியின் தம்பி சக்கரபாணி என்றால் உயிர். சக்கரபாணிக்குக் கார்ப் பந்தயப் பைத்தியம். சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் என்றால், தன் இங்கிலீஷ் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். ஷெட்டில் இருவரும் ஒரே தூக்குச் சட்டியில் சாப்பிடுவார்கள். சவுரிராயனின் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று சக்கரபாணி சேரிக்குள் நடந்துபோய், அவன் வீட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டான். ஊர் அதை ஒரு வாரம் பேசியது.

1959 பந்தயத்தில் கார் பாதியில் புகைந்து எஞ்சின் இறுகிவிட்டது. சவுரிராயன் அடியிலிருந்த எண்ணெய்த் தொட்டியைக் கழற்றிப் பார்த்தான். பம்புக்கு எண்ணெய் உறிஞ்சித் தருகிற குழாய், பற்றவைத்த இடத்தில் விண்டு தொட்டிக்குள் கிடந்தது. எண்ணெய் நிறைய இருந்தும் பம்பு காற்றைத்தான் குடித்திருக்கிறது. பேரிங்குகள் தீய்ந்து போயிருந்தன.

"ஒத்தக் கையில தொங்கிக்கினு இருக்குது சின்னவரே. அதிர்வு தாங்கல. இன்னொரு பக்கமும் புடிச்சிக்க ஒண்ணு வேணும்."

"செய் சவுரி. இன்னா வேணுமோ கேளு."

தடித்த தகட்டை வெட்டி வளைத்து, குழாயைப் பக்கத்துப் போல்ட்டோடு இறுக்கிப் பிடிக்க ஒரு கிளாம்பு செய்தான். வளைவில் திரும்பும்போது எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கிக் குழாயின் வாய் வறண்டுவிடாமல் இருக்க, தொட்டிக்குள் குறுக்குத் தகடுகள் வைத்தான். குழாய் வாய் தொட்டியின் அடியை ஒட்டியிருந்தால் எண்ணெய் ஏறாது. அதிகம் தூக்கியிருந்தால் காற்று ஏறும். அந்த இடைவெளியை அளக்க மனைவி அம்சாவிடம் கேப்பை மாவைக் கெட்டியாகப் பிசையச் சொன்னான். ஓர் உருண்டையைக் குழாய் வாயில் ஒட்டி, தொட்டியை மாட்டி முடுக்கித் திரும்பக் கழற்றினான். நசுங்கிய மாவின் கனம்தான் இடைவெளி.

"களி கிண்ட வெச்ச மாவு எஞ்சினுக்குப் போவுது" என்று அம்சா சிரித்தாள்.

அடுத்த இரண்டு வருஷமும் கார் ஒரு சுற்றில்கூட நிற்கவில்லை. "மெட்ராஸ்ல ரெண்டு பேரும் சேந்து ஷெட்டு போடறோம். போர்டுல ஓம் பேருதான் முன்ன" என்றான் சக்கரபாணி. சவுரிராயன் அதை அம்சாவிடம் சொன்னான். அம்சா தெருவெல்லாம் சொன்னாள்.

பிறகு சக்கரபாணிக்கு மெட்ராசில் பெரிய இடத்தில் பெண் பேசினார்கள். பெண்ணின் அண்ணனும் பந்தயக்காரர். அந்த வருஷம், சவுரிராயன் தொட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்து பூட்டிக் கொடுத்த கார், பந்தயத்துக்கு முன்பே அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டது.

"நான் வந்து ஒரு தரம் பாத்துடறேன் சின்னவரே."

"வேணாம், நான் பாத்துக்கறேன்."

பந்தயத்தில் ஒரு வளைவில் சக்கரபாணியின் கார் புகைந்து நின்றது. பெண்ணின் அண்ணன் தன் காரில் முதலாவதாக வந்து ஜெயித்தார். ஷெட்டுக்கு இழுத்து வந்த காரை வேங்கடேசன் முன்னாலேயே பிரித்தார்கள். குழாய் முறிந்திருந்தது. கிளாம்பு இல்லை.

"சம்பந்தி வூட்டு முன்னால மானம் போச்சி. பூட்ட மறந்துட்டியா?" என்றார் வேங்கடேசன்.

"மறக்கலைங்க. கிளாம்பு இருந்த எடத்துல, அந்தக் கனத்துக்கு வாஷர் போட்டு முடுக்கி இருக்குது, பாருங்க. மறந்தவன் வாஷர் போடுவானா? யாரோ கழட்டி இருக்காங்க." சவுரிராயன் சக்கரபாணியைப் பார்த்தான். "நீங்க சொல்லுங்க சின்னவரே."

சக்கரபாணி வாசல் பக்கம் பார்த்தான். "என்னை எதுக்குடா கேக்கற? நீதான பூட்டன?"

அவன் வாயிலிருந்து 'டா' வந்தது அதுதான் முதல் தடவை.

அன்றே வேலை போயிற்று. பூட்ட மறந்தவன் என்ற பேச்சு எல்லா ஷெட்டுக்கும் அவனுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. குடும்பத்தோடு விழுப்புரம் போய், கழனிக்குத் தண்ணீர் இறைக்கும் ஆயில் எஞ்சின்களைப் பழுது பார்க்கும் கடையில் சேர்ந்தான். "போய் நாலு பேரு நடுவுல கேளுங்க" என்று அம்சா சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டும் போனான். திண்டிவனத்தில் இறங்கியவன் ஷெட் பக்கம் போகவில்லை. எதிரே வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டான்.

1966-ல் சக்கரபாணி தானே கடைக்கு வந்தான். கெடார் கிராமத்திலிருந்து வந்திருந்த ஓர் எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தான் சவுரிராயன். எழுந்திருக்கவில்லை.

"மச்சான் அந்தக் கிளாம்ப மாதிரி பாக்கக் கேட்டாரு சவுரி. சம்பந்தம் பேசிக்கினு இருக்கற நேரம், இல்லைன்னு சொல்ல முடியல. கழட்டிக் குடுத்தேன். அவரு வண்டியிலயே போட்டுக்கினாரு. ஒரு ஓட்டம் தாங்கும்னு நெனச்சிட்டேன்."

"அண்ணன்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இனிமே அது எதுக்கு?"

"அப்ப எங்கிட்ட மட்டும் எதுக்குச் சொல்றீங்க?"

சவுரிராயன் திரும்பவும் எஞ்சின் மேல் குனிந்தான். சக்கரபாணியை உட்காரச் சொல்வார் இல்லை. போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து அம்சாவிடம் சொன்னபோது அவள் கண் கலங்கிற்று. "ஒத்துக்கினான் இல்ல? அது போதுங்க."

"போதலடி" என்றான் சவுரிராயன்.