அண்ணையின் கூரைக்குக் கொடுத்த கைமாற்று

புலம்பெயர்ந்து வந்த எங்கள் ஆட்களுக்குள் திகதியில் சண்டை வந்தால் எனக்குத்தான் தொலைபேசி வரும். எவருடைய பிள்ளைக்கு முதலில் ஞானஸ்நானம் கொடுத்தது, எந்த நத்தாருக்குப் பனி கொட்டிப் பூசை நின்றது என்று கேட்பார்கள். நாட்குறிப்பைத் திறந்து சொல்வேன். அத்தோடு வாதம் முடிந்துவிடும். இருபத்தாறு குறிப்பேடுகள் டோஸ்ட்ருப்பில் உள்ள எங்கள் வீட்டு அலுமாரியில் பூட்டில்லாமல் இருக்கின்றன. மனைவியும் எடுத்துப் பார்ப்பாள். கொதிகலன் எப்போது திருத்தியது, அவளது முழங்காலுக்குக் கடைசி ஊசி எப்போது போட்டது என்று அதில்தான் தேடுவாள்.

நான் அண்ணை என்று கூப்பிடுகிறவர் கூடப் பிறந்தவர் அல்லர். என் மகளின் ஞானத்தகப்பன், கடலோரப் பட்டணமான எஸ்பியர்க்கில் இருக்கிறார். பிட்கொயின் வாங்கிப் பழக்கப்பட்டவர். ஒரு மார்ச் மாதத்து இரண்டாம் ஞாயிறு, பூசை முடிந்து கோப்பி குடிக்கும்போது, எனக்கும் சேர்த்து வாங்கித் தருவதாகச் சொன்னார். என் பெயரில் கணக்குத் திறக்கலாமே என்றேன்.

"உமக்கு ஏன் தம்பி அந்தத் தலையிடி? அதைத் திறக்கிற இருபத்துநாலு சொல்லை எழுதி ஒளிச்சு வைக்கவேணும். துலைச்சால் எல்லாம் போச்சு. கொயினைப் பூட்டி வைக்கிற என்ர கருவியிலயே உம்மட பங்கும் கிடக்கட்டும்."

முப்பதாயிரம் குரோனர். நானும் மனைவியும் சேர்த்து வைத்த கணக்கிலிருந்துதான் எடுக்கவேண்டும். முதியோர் இல்லத்தில் நின்ற நிலையில் வேலை செய்கிற அவளை இரண்டு வருடம் முன்னதாகவே ஓய்வெடுக்க வைக்கலாம் என்பது என் கணக்கு. சொன்னால் விடமாட்டாள் என்பதும் தெரியும்.

"கூரை திருத்த நான் கைமாற்றுக் கேட்டனான் எண்டு சொல்லும்," என்றார் அண்ணை. "அனுப்பேக்க கடன் எண்டு போடும். வங்கியும் கேளாது. உம்மட டயறியிலயும் அப்பிடியே எழுதும், மனிசி பாக்கிறவ எல்லோ."

எங்களுக்குள் இது புதிதல்ல. சீட்டுக் காசோ கலியாணச் செலவோ, எதை அனுப்பினாலும் கடன் என்றுதான் குறிப்போம். ஞானத்தகப்பனிடம் கடதாசி கேட்பது அவமரியாதை. அப்படியே அனுப்பினேன். அன்றிரவு குறிப்பேட்டில் எழுதினேன்: "கூரை வேலைக்காக அண்ணைக்குக் கைமாற்று 30,000." மனைவி பார்த்தாள். "பாவம், அங்க காத்து கூட," என்றாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சந்திப்பிலும் அண்ணை என்னைத் தனியே கூப்பிட்டுக் கைபேசியைக் காட்டுவார். "பாரும், எங்கட பிள்ளை வளர்ந்திட்டான்." பெறுமதி பாதியாக விழுந்த வருடத்திலும் காட்டினார். "பிள்ளைக்குக் காய்ச்சல், பயப்பிடாதையும்." எங்கட என்றுதான் எப்போதும் சொன்னார். அவற்றில் ஒன்றையும் நான் எழுதிவைக்கவில்லை. ஒரு பொய்யை எழுதிய பின் அதன் பக்கத்தில் உண்மையை எப்படி எழுதுவது?

போன இலையுதிர்காலத்தில் மனைவியின் முழங்கால் இன்னும் மோசமானது. அதற்குள் எங்கள் பங்கு ஐந்து மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. விற்றுத் தரச் சொல்லி எஸ்பியர்க்குக்கு ரயில் ஏறினேன். அண்ணை மீன்குழம்பு வைத்திருந்தார். சாப்பிட்டு முடிந்த பிறகுதான் விஷயத்தை எடுத்தேன்.

கேட்டதும் அவர் முகத்தில் ஆச்சரியம் வந்தது. அது நடிப்பா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

"என்ன பங்கு தம்பி? நீர் தந்தது கைமாற்று. முப்பதுக்கு மேல மூண்டு வட்டியும் வைச்சுத் தாறன்."

"அண்ணை, பகிடி விடாதேங்கோ. எங்கட பிள்ளை எண்டு எத்தினை தரம் காட்டினீங்கள்?"

"உம்மட மகளையும்தான் எங்கட பிள்ளை எண்டு சொல்லுறனான். அதுக்காக அவளில எனக்குப் பங்கு தருவீரோ?" சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "விழுந்திருந்தால் முப்பதையும் என்னட்டக் கேட்டிருப்பீர். கருவி என்ர, வரி கட்டினது நான், நித்திரை முழிச்சது நான்."

"அண்ணை, அது பொய்க்கு எழுதினது. நீங்கள்தானே அப்பிடி எழுதச் சொன்னது."

"சரி, ஒண்டு செய்வம். ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொல்லுற உம்மட டயறி இருக்கு. கோயில் ஆக்களைக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தை வாசியும். அதில என்ன கிடக்கோ, அதுக்கு நான் ஓம்."

எத்தனையோ வீட்டுச் சண்டைகளை அந்தக் குறிப்பேட்டால் முடித்துவைத்தவன் நான். அந்த வரியை எந்த முகத்தோடு எடுத்துக்கொண்டு போவேன்? அவர் அதை அறிந்துதான் சொன்னார். கோபத்தைவிட எனக்கு வெட்கம் கூடவாக இருந்தது. என் எழுத்தின் மேல் மற்றவர்கள் வைத்த நம்பிக்கைதான் அவரிடம் இருந்த பெரிய சாட்சி.

அடுத்த செவ்வாய்க்கிழமை முப்பத்துமூவாயிரம் எங்கள் கணக்குக்கு வந்தது. மனைவிதான் முதலில் கண்டாள். "பரவாயில்லை, வட்டியும் போட்டிருக்கிறார். நல்ல மனிசன்," என்றாள். அந்த நல்ல மனிசன் என்ற சொல்லை என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், அவளை முன்னதாகவே ஓய்வெடுக்க வைக்க நான் போட்ட கணக்கு உட்பட.

அவள் சத்தம் போடவில்லை. அலுமாரிக்குப் போய் அந்த வருடத்துக் குறிப்பேட்டை எடுத்து, நின்றபடியே அந்த வரியை வாசித்தாள். முன்னும் பின்னும் சில பக்கங்களைப் புரட்டினாள்.

"இப்பிடி நான் வாசிக்கவெண்டு எழுதின பொய் வேற எத்தினை இருக்கு?"

"இது ஒண்டுதான்."

"அதையும் நீங்கள்தானே சொல்லுறியள்," என்றாள்.

குறிப்பேட்டை மேசையில் வைத்துவிட்டு, அடுத்தநாள் காலை வேலைக்குச் சப்பாத்துக்குள் போடுகிற மெத்தைகளைத் தேடத் தொடங்கினாள்.