என் சக்களத்திக்கு நாலு கால்

பொய் சொல்வானேன், எனக்கு ஒரு குதிரையின் மேல் பொறாமை. அதுவும் பெண் குதிரை. பெங்களூரில் ஏதோ ஒரு லாயத்தில் ஃபேன் காற்றில் நின்றுகொண்டு கேரட் தின்கிறாள் மகராசி. நான் அருப்புக்கோட்டையில் தறிச் சத்தத்துக்கு மேலே நின்று அவளைக் கரித்துக் கொட்டிக்கொண்டிருக்கிறேன். அவளுக்கு இங்கிலீசில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அதை என் வாயால் சொல்ல மாட்டேன். அந்தப் பெயரைச் சொல்லும்போது என் வீட்டுக்காரருக்குக் குரல் தானாக இறங்கிவிடும். என்னைக் கூப்பிடுவது "ஏ, இவளே" என்றுதான். கல்யாணமான நாளிலிருந்து நான் இவள்தான்.

அவர் சூதாடி இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். அவருடைய தம்பி பெங்களூரில் சேலை வியாபாரம் செய்கிறார். வருசத்துக்கு ஒரு முறை, ஆனி மாதத்தில் நடக்கிற டெர்பி குதிரைப் பந்தயத்தன்றைக்கு, அந்தத் தம்பி மைதானத்துக்குப் போய் அண்ணன் பெயரில் ஒரு சின்னத் தொகை கட்டுவார். ஒரு பிரியாணிக் காசு. அது போனால் போகட்டும், கழுதை. அதைப் பற்றி நான் ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை. என் வயிற்றெரிச்சல் எல்லாம் நேரத்தின் மேல்தான். அந்தப் பந்தயம் ஓடி முடிய, அடுப்பில் வைத்த பால் பொங்குகிற நேரம்கூட ஆகாது. அதற்கு இந்த மனுசன் பங்குனியிலேயே உட்கார்ந்துவிடுவார். வருசத்துக்கு ஒரு குதிரை, இந்த வருசம் இவள்.

எங்களுக்குக் கீழே தறி செட்டு, மாடியில் வீடு. விடிவதற்கு முன்னாலேயே எழுந்து போனை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிடுவார். குதிரைகள் காலையில் பழகுகிற வீடியோ அதில் வரும். ஒன்றையே திரும்பத் திரும்ப ஓட விடுவார். பகலில் கரண்ட் போய்த் தறி நின்றால் ஊரில் மற்றவர்கள் புலம்புவார்கள், இவர் சிரிப்பார். செராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்த ரேஸ் தாள்களை விரித்துக்கொள்ள நேரம் கிடைத்துவிட்டதே. போன தடவை யார் ஜாக்கி, எவ்வளவு எடை ஏற்றினார்கள், அவளுடைய அம்மா எந்தத் தூரத்தில் ஜெயித்தாள், பாட்டி எப்படி ஓடினாள், எல்லாம் மனப்பாடம். இங்கே ஒரு சொட்டு மழை இல்லாமல் கரிசல் வெடித்துக் கிடக்கும். இவர் பெங்களூரில் மழை பெய்ததா, மைதானம் இளகியிருக்கிறதா என்று தம்பிக்குப் போன் போட்டுக் கேட்பார்.

"இங்க பாரேன், எப்பிடிக் காலத் தூக்கி வைக்கிறா!" என்பார். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். கண்ணைச் சுருக்கி, மூச்சைக்கூட மெதுவாக விட்டு, ஒரு உயிரை முழுசாகப் பார்க்கிற பார்வை. எனக்கு வேண்டியது அந்தப் பார்வைதான். நகை வேண்டாம், பட்டு வேண்டாம், கொடைக்கானல் கூட்டிப் போக வேண்டாம். ஒரு நாளாவது அப்படி என்னைப் பார்த்திருந்தால் நான் ஏன் வாயில்லா ஜீவனைச் சக்களத்தி என்று திட்டப் போகிறேன்?

நாலு வருசமாக எனக்கு முட்டி வலி. படி இறங்கும்போது உயிர் போகும். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்குவேன். அந்தப் படியில்தான் இவர் போனோடு உட்கார்ந்திருப்பார். நான் வந்தால் நிமிராமலே கொஞ்சம் ஒதுங்கி வழி விடுவார். இந்த வருசம் ஒரு நாள் அப்படி இறங்கிக்கொண்டிருந்தபோது, "ஏ, இவளே, அவளுக்கு முன்னங்கால்ல லேசாச் சூடு இருக்காம். ரெண்டு நாளா ஓட விடலையாம்" என்றார். குரலில் அவ்வளவு கவலை.

"அடப் பாவமே! தைலம் தேச்சு விட்டாகளா?" என்றேன்.

"நாலு பேரு வச்சுப் பாக்குறாக" என்றார். நான் குத்திக் காட்டியது அவருக்கு உறைக்கவே இல்லை. எருமை மாட்டு மேல் மழை பெய்த மாதிரி.

இப்படி இருக்கும்போதுதான் மகளுக்கு அந்த வரன் வந்தது. மகள் இங்கே ஒரு பஞ்சு மில்லில் கணக்குப் பார்க்கிறாள். மாப்பிள்ளை எம்.ரெட்டியபட்டியில் உரக்கடை வைத்திருக்கிறான் என்று தரகர் போட்டோவோடு வந்தார். ஒற்றைப் பிள்ளை, சொந்தக் கடை, கெட்ட பழக்கம் எதுவும் கிடையாதாம். ஆடி பிறந்தால் நல்ல காரியம் பேச மாட்டார்கள், அதனால் ஆனி கடைசி ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறோம் என்கிறார்கள் என்றார். அன்றைக்குத்தான் டெர்பி.

என் வீட்டுக்காரர் போட்டோவை ஒரு பார்வை பார்த்தார். "நல்ல இடந்தான? வரச் சொல்லுங்க. சாயந்தரம் மட்டும் வேண்டாம், காலையிலேயே முடிச்சிருவோம்" என்றார். அவ்வளவுதான். மறுபடியும் தாளுக்குள் தலையை விட்டுவிட்டார்.

தரகர் படி இறங்குகிற வரைக்கும் பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

"ஏங்க, ஒங்களுக்கு மனசாட்சி இருக்கா? பொட்டக் குதிரைக்கு அதோட பாட்டி வரைக்கும் விசாரிக்கிறீக. பெத்த பொண்ணக் கட்டிக்குடுக்கப் போற எடத்துக்கு ஒரு வார்த்த, 'நல்ல இடந்தான'ன்னு கேட்டா முடிஞ்சு போச்சா? நீங்களும் எங்கப்பா மாதிரிதான!"

எங்கப்பா கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் சொல்லிச் சிரிப்பார்கள். என் மாமனார் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்து, "எம் மகனுக்கு ஒங்க பொண்ணக் குடுப்பீகளா?" என்று கேட்டாராம். மதுரை பஸ் கிளம்பிக்கொண்டிருந்ததாம். எங்கப்பா படிக்கட்டில் தொற்றிக்கொண்டே, "அதுக்கென்ன, குடுத்தாப் போச்சு" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டாராம். கண்டக்டர் விசில் ஊதுகிற நேரத்தில் என் வாழ்க்கை முடிவாகிவிட்டது. எல்லோரும் சிரிக்கும்போது நானும் சிரித்திருக்கிறேன். சிரிக்காமல் என்ன செய்ய?

அன்றைக்கு நான் அதோடு விடவில்லை. "அந்தப் பையன ஒரு குதிரைன்னாவது நெனச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, பாத்திரத்தை ணங்கென்று வைத்தேன். அவர் தலையைத் தூக்கினார். பிறகு ரேஸ் தாள்களை மடித்துப் பரணில் போட்டார். நான் இதை எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் விடியற்காலை எழுந்து பார்த்தால் ஆளைக் காணோம். ஷேர் ஆட்டோ பிடித்து ரெட்டியபட்டிக்குப் போயிருக்கிறார். உரக்கடைக்கு எதிரே ஒரு டீக்கடை. அங்கே உட்கார்ந்து, பையன் கடை திறப்பதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

"காலையில அழகாத்தான் இருக்கான். வாசத் தெளிச்சு, சாமி கும்புட்டு, வந்த ஆளுககிட்ட நல்லாப் பேசுறான். ஆனா காலையில எல்லாக் குதிரையும் அழகாத்தான் ஓடும்" என்றார்.

அதற்கப்புறம் தினமும் அதே வேலை. ஒரு நாள் திருச்சுழிக்குப் போய் அவன் படித்த பள்ளிக்கூடத்து வாத்தியாரைப் பிடித்தார். ஒரு நாள் பருத்தி விதை வாங்குகிற சம்சாரி போல அந்தக் கடைக்குள்ளேயே போய்ப் பேரம் பேசினார். அவன் அம்மா போன் பண்ணினால் எப்படிப் பேசுகிறான், கடன் கேட்டு வந்தவனுக்கு எப்படி இல்லை என்று சொல்கிறான், எல்லாவற்றையும் பார்த்தார். பெங்களூரிலிருந்து தம்பி போன் பண்ணி, "அண்ணே, அவளுக்குக் கால் சரியாயிருச்சு, ஓடுறா" என்றபோது, "சரிப்பா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டார். எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. வாங்கிக் கட்டிக்கொண்டாளா சிறுக்கி என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அந்தக் குளிர்ச்சி நிலைக்கவில்லை. சாயந்தரம் மகள் மில்லிலிருந்து வந்ததும் அப்பாவும் மகளுமாக உட்கார்ந்துகொள்வார்கள். அவர் அன்றைக்குப் பார்த்ததைச் சொல்வார். "ஒனக்குக் கோவம் வந்தா என்னத்தா செய்வ? ஒனக்கு எது பொறுக்காது?" என்று அவளைக் கேட்பார். கேட்டுவிட்டு, கண்ணைச் சுருக்கி, மூச்சை மெதுவாக விட்டு, அவள் பதில் சொல்கிற முகத்தைப் பார்ப்பார். அதே பார்வை. நான் அடுப்படியில் நின்று தோசை சுட்டுக்கொண்டிருந்தேன்.

பெண் பார்க்க வருவதற்கு இரண்டு நாள் முன்னால் அவர் கடை மூடுகிற நேரத்துக்குப் போனார். "கடைசித் திருப்பத்துலதான் குதிரையோட கொணம் தெரியும். அப்பத்தான் அது களைச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனவர், வந்ததும் கை கால்கூடக் கழுவாமல், "வேண்டாம்" என்றார்.

கடையில் மூட்டை தூக்குகிற ஒரு பெரியவர் உர மூட்டையைத் தவறவிட்டிருக்கிறார். மூட்டை கிழிந்து உரம் கொட்டிவிட்டது. கடையில் ஆட்கள் இருந்தார்கள். பையன் சிரித்துக்கொண்டே, "பரவால்ல தாத்தா, பாத்துத் தூக்குங்க" என்றிருக்கிறான். கடைசி ஆளும் போனபிறகு ஷட்டரைப் பாதி இறக்கியிருக்கிறான். உள்ளே அறைகிற சத்தம் கேட்டிருக்கிறது. அந்தப் பெரியவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே வந்தாராம். டீக்கடைக்காரர் தலையை நிமிர்த்தவே இல்லையாம். பழகிப் போன சத்தம் போல.

தரகர் வந்து குதித்தார். "ஒரு அடி அடிச்சதெல்லாம் ஒரு குத்தமாய்யா? யாவாரம்னா கோவம் வாரதுதான்!"

"நாலு பேரு முன்னால அடிச்சிருந்தாக்கூட யோசிப்பேன். ஷட்டர எறக்கிட்டு அடிச்சான். எம் பொண்ணும் ஷட்டருக்கு உள்ளதான இருக்கப் போறா" என்றார் இவர்.

தரகர் போட்டோவை எடுத்துக்கொண்டு கிளம்பினார். டீக்கடை பெஞ்சில் அத்தனை நாள் உட்கார்ந்திருக்காவிட்டால் இது தெரிந்திருக்குமா? எங்கப்பாவுக்குத் தெரிந்திருக்குமா?

ஞாயிற்றுக்கிழமை வந்தது. விருந்தாளி இல்லாததால் நாங்கள் மூன்று பேர்தான். கேசரி மட்டும் கிண்டினேன், வாங்கிய ரவை வீணாகக் கூடாதே. சாயந்தரம் பெங்களூர் தம்பி போன் பண்ணினார். இந்த வருசம் அண்ணன் பணம் கட்டச் சொல்லவில்லை. "பாதிப் பாடத்தப் படிச்சுட்டுப் பரிச்ச எழுதக் கூடாதுப்பா" என்று சொல்லிவிட்டிருந்தார். தம்பி மைதானத்திலிருந்து கத்தினார், "அண்ணே, அவதாண்ணே ஜெயிச்சா!"

இத்தனை வருசத்தில் இவர் படித்துப் படித்துக் கட்டிய குதிரை ஒன்றுகூட ஜெயித்ததில்லை. படிப்பை விட்ட வருசம் பார்த்து இவள் ஜெயிக்கிறாள். திமிர்தானே! இவர் "நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கேசரியைச் சாப்பிட்டார். மகள் அவர் தோளில் தலையைச் சாய்த்து, "எனக்காக டெர்பிய விட்டுட்டீங்களேப்பா" என்றாள். அவர் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார்.

எனக்கு அப்போது வந்தது பாருங்கள், அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. குதிரையின் மேல் இருந்த பொறாமை முழுசாக நகர்ந்து நான் பெற்ற பிள்ளையின் மேல் வந்து உட்கார்ந்துவிட்டது. இவளுக்காக ஒரு மனுசன் வெயிலில் அலைந்து, வாத்தியாரைப் பிடித்து, கடை மூடுகிற வரை காத்துக் கிடந்திருக்கிறான். எனக்காக ஒருத்தரும் ஒரு பஸ்ஸைக்கூட விடவில்லை. தட்டைக் கழுவப் போகிற சாக்கில் எழுந்தேன். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை.

"ஏ, இவளே, என்னாச்சு?" என்றார்.

"ஒண்ணுமில்ல. கால் வலிக்குது."

அவர் தட்டைக் கீழே வைத்தார். "எந்தக் கால்?"

நாலு வருசம். நாலு வருசமாக அவரை ஒட்டித்தான் அந்தப் படியில் இறங்குகிறேன். எந்தக் கால் என்று தெரியவில்லை! வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் இத்தனை காலத்தில் என்னைப் பற்றித் துருவி அவர் கேட்ட முதல் கேள்வியும் அதுதான்.

"சொல்ல மாட்டேன். நீங்களே பாத்துக் கண்டுபிடிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் காலையில் வீடியோச் சத்தம் இல்லை. பரணில் போட்ட தாளை எடுக்கப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டு படிக்கு வந்தேன். அவர் கீழ்ப்படியில் நின்றுகொண்டிருந்தார். போனைக் காணோம். கண்ணைச் சுருக்கிக்கொண்டு என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு படி இறங்கினேன். "எடது" என்றார்.

"சரியாப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, மீதிப் படிகளை வேண்டுமென்றே இன்னும் மெதுவாக இறங்கினேன்.