கம்பளி போர்த்திய பொம்மை

என் அக்காவைச் சிறுத்தையின் வாயில் கொடுத்தது நீங்கள்தான். விபத்து என்று இனியும் சொல்லாதீர்கள்.

ஐம்பதுகளின் நடுவில் படம் எடுக்க, பதுளைப் பக்கம் எங்கள் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தீர்கள். நீங்கள் முதலாளி, உங்கள் மனைவி கதாநாயகி. உங்கள் பெரிய தம்பி கேமரா பிடித்தார், சின்னத் தம்பி சிறுத்தைகளைப் பார்த்துக்கொண்டார். வீட்டில் பால் கொடுத்து வளர்த்தவை என்று இரண்டு சிறுத்தைகளைக் கூண்டில் கொண்டுவந்தீர்கள். மூன்றாம் நாள் ஆண் சிறுத்தை உங்கள் சமையற்காரனின் தொடையைக் கிழித்தது. அடுத்த வாரம் எதையும் தின்னாமல் செத்தது. அப்போதே மூட்டை கட்டியிருக்க வேண்டும். பெட்டை ஒன்று போதும் என்றீர்கள்.

கொழுந்து பறிக்கும் பெண் மேல் சிறுத்தை பாய வேண்டும், உங்கள் மனைவி அதைச் சுட வேண்டும். அதுதான் காட்சி. பாய்வதற்கு ஒரு பொம்மை. அதைக் கட்டியவன் நான். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன் என்பதால் வெட்டிப்போட்ட குச்சி, மிலாறு என்போம், என்னிடம் நிறைய இருந்தது. அதைத் திணித்து, இடுப்பில் சாக்கும் முதுகில் கூடையும் மாட்டி, தலையில் கம்பளி போர்த்தினேன். கேமரா வலப்பக்கம் நிற்கும் என்பதால் வலது தோளுக்குள் ஆட்டீரல்.

அக்கா வந்து பொம்மையைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏண்டா, என் கம்பளி கிழிஞ்சு தொங்குது, இதுக்குப் புதுசா? படம் முடிஞ்சதும் எனக்கு வாங்கிக் குடு."

"புலி தின்ன மிச்சம் இருந்தா தாறேன்" என்றேன்.

பத்து நாள், பகலெல்லாம் சிறுத்தையைப் பட்டினி போட்டு, மாலையில் பொம்மை மேல் அவிழ்த்துவிட்டார் உங்கள் சின்னத் தம்பி. பத்து நாளும் அது வலது தோளைப் பிய்த்துத் தின்றது.

படம் பிடித்த அன்று பெண்கள் வரிசையாகக் கொழுந்து பறிக்க வேண்டும். சிறுத்தை மேலே பாறையில், கழுத்தில் கம்பியோடு, சும்மா நடக்க வேண்டும். பாய்ச்சல் பிறகு, பொம்மை மேல். நமுனுகுல மலையிலிருந்து மழை இறங்கியது. மழைக்கு எங்கள் பெண்கள் வேலையை விடுவதில்லை. கம்பளியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு பறிப்பார்கள். அன்றும் அப்படித்தான் செய்தார்கள்.

நான் உங்களிடம் ஓடிவந்தேன். "ஐயா, பொம்பளைங்க கம்பளி போட்டுட்டாங்க. அது பொம்மைன்னு நெனச்சிரும். எடுக்கச் சொல்லுங்க."

"இருக்கட்டும்யா. இதான் பார்க்க நல்லா இருக்கு. அது கம்பியிலதானே கெடக்கு" என்றீர்கள்.

நான் வாயை மூடிக்கொண்டேன். தோட்டத்தை நடத்தும் துரையோ, துரை மாதிரி உடுத்தியவரோ 'இருக்கட்டும்' என்றால் அதற்கு மேல் பேசாத பழக்கம் எங்களுடையது. அக்காவைப் பார்த்து ஒரு சத்தம் போட்டிருக்கலாம். போடவில்லை. என் குற்றம் அது.

கம்பி உங்கள் சின்னத் தம்பியின் கையை அறுத்துக்கொண்டு ஓடியது. சிறுத்தை மூன்று செடிகளைத் தாண்டி, வரிசையின் ஓரத்தில் நின்ற அக்காவை மல்லாத்தியது. கழுத்தை அது தேடவில்லை. நேராக வலது தோள். எலும்பு நொறுங்கிய சத்தம் பச்சை மிலாறு முறிவதுபோல் இருந்தது. தசையைக் கவ்வி உலுக்கியது, ஈரலைத் தேடி. கவ்வாத்துக் கத்தியால் அதன் முதுகில் வெட்டினேன். விடவில்லை. பிடரியில் வெட்டினேன். நாலாவது வெட்டில்தான் பல் தளர்ந்தது. அக்காவின் இரத்தம் எது, அதன் இரத்தம் எது என்று தெரியவில்லை.

"வெட்டாதடா, வளர்த்த பிள்ளைடா" என்று கத்தினீர்கள். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

பதுளை ஆஸ்பத்திரியில் கையைத் தோளோடு எடுத்தார்கள். பேப்பரில் நீங்கள் சொன்னது வந்தது: அந்தப் பெண் கல்லால் அடித்துச் சிறுத்தையைச் சீண்டினாள், அவளுடைய குடிகாரத் தம்பி அதைக் கொன்றான். அதை வைத்துத்தான் துரை, அவளே தேடிக்கொண்ட வினை என்று சொல்லி தோட்டத்து வேலைப் பதிவில் அவள் பெயரை வெட்டினார். நாங்கள் குடியிருந்த லயத்துக் காம்பராவும் போயிற்று.

படம் பதுளைக்கு வந்தபோது அக்காவும் என்னோடு கொட்டகைக்கு வந்தாள். சிறுத்தை பாய்ந்தது, அவள் விழுந்தாள். நான் கத்தியோடு வருவதற்கு முன் படச்சுருளை வெட்டி, உங்கள் மனைவி துப்பாக்கியால் சுடுவதை ஒட்டியிருந்தீர்கள். கொட்டகை விசிலடித்தது.

பின்னால் ஒருவர் சொன்னார்: "பொம்மைய வச்சே என்னமா எடுத்திருக்கான் பாரு."

அக்கா திரும்பிப் பார்த்தாள். "ஆமாங்க, பொம்மைதான்" என்றாள்.

மூன்று தடவை அந்தப் படத்தைப் பார்த்தேன். பாய்வதற்கு முன் அக்கா முழுதாகத் தெரிகிறாள். இரண்டு கையும் செடி மேல். இரண்டு கையிலும் கொழுந்து.

என் குற்றத்தை நான் ஊரறியச் சொல்லிவிட்டேன். இனி நீங்கள். பொய்யை எழுதவைத்த அதே பேப்பரில், உங்கள் பெயர் போட்டுப் பதில் எழுதுங்கள்: உங்கள் படத்திலேயே தெரிகிற அந்த இரண்டு கையில், எந்தக் கையில் கல் இருந்தது?