நாய் இருக்கு, ஒண்டுமில்லை

பெயரை மூன்றாம் தடவை சொல்லும்போதுதான் வின்சன்ற் குரலை இறக்குவார். முதல் இரண்டு தடவையும் வானொலிச் செய்தி வாசிப்பவரைப்போல நிமிர்ந்த குரல். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்டவர், பிரான்சிலும் நோர்வேயிலும் கனடாவிலும் இருக்கும் இன்னின்னாரின் அன்புத் தந்தை, பிரேதம் எடுக்கும் நேரம், மயானம் அல்லது வேதக்காரரின் சேமக்காலை. மூன்றாம் தடவைக்கு, ஊருக்குள் போகும் ஒழுங்கையின் முடிவில் தன் வான் வண்டியை நிறுத்திவிடுவார். ஒலிவாங்கியை உதட்டோடு சேர்த்துப் பிடித்து, கடதாசியில் இல்லாத பெயரைச் சொல்வார். "எங்கடை சைக்கிள்கடைச் செல்லையா அண்ணை." அதுவரை கேட்டும் கேளாததுபோல ஓடிக்கொண்டிருந்த தையல் மெசின் ஒன்று எந்த வீட்டிலாவது அப்போது நின்றுபோகும்.

தீவுப்பகுதியில் சாவை அறிவிப்பதுதான் அவர் தொழில். வயது அறுபத்திரண்டு. மண்டைதீவு வேதக் கோயிலில் இளவயதில் பூசைக்கு வாசகம் வாசித்துப் பழகிய குரல். நீல நிற டொல்பின் வான் ஒன்றும் அதன் கூரையில் இரண்டு ஒலிபெருக்கிக் குழாய்களும் வைத்திருக்கிறார். அல்லைப்பிட்டி, வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு என்று கடலை ஒட்டிய வீதிகளெல்லாம் அவருக்கு அத்துப்படி. வான் போக முடியாத நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்குமான அறிவித்தலைக் குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்று, படகுக்குக் காத்திருப்பவர்களின் முகத்தைப் பார்த்து ஒருமுறை வாசிப்பார். மிச்சத்தைப் படகு கொண்டுபோகும்.

கடல் கடந்தும் அவருக்குக் கேட்பவர்கள் உண்டு. கனடாவில் இருக்கும் மகள் ஒருத்தி, மருமக்கள் வரிசையில் தன் கணவனின் பெயர் பிந்தி வந்துவிட்டது என்று தொலைபேசியில் சண்டை பிடித்து, வீடியோவில் தான் பார்த்துக்கொண்டிருக்க அதே ஒழுங்கைக்குள் அவரை மறுபடி வாசிக்க வைத்தாள். அவர் மறுக்கவில்லை. "செத்தவருக்கு ஒரு அவசரமும் இல்லை," என்றாராம்.

வீடு எங்கே என்று கேட்டால் வானின் பின்கதவைத் திறந்து காட்டுவார். மெத்தை, ஒற்றை அடுப்பு, தண்ணீர்க் கலன், அந்தோனியார் படம், சேலை கிழித்துத் தைத்த திரை. மண்டைதீவில் அவர் கட்டிய கல்வீடு ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது தங்கையின் கலியாணத்தோடு சீதனமாகப் போய்விட்டது. அவர் கலியாணம் செய்யவில்லை. தங்கை ஓர் அறையை ஒதுக்கி வைத்திருக்கிறாள், கட்டில் விரிப்பும் மாற்றுகிறாள். அங்கே அவர் மார்கழியில் நத்தார்ப் பெருநாளுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, இரவு படுக்க வானுக்கு வந்துவிடுவார். ஒரு கிழமை சாட்டிக் கடற்கரை, ஒரு கிழமை குறிகட்டுவான், மீன் மலியும் காலத்தில் மெலிஞ்சிமுனை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைப் பார்த்து வீட்டின் முகப்பைத் திருப்பி வைக்கலாம் என்பது அவருக்கு ஒரு பெருமை.

வானோடு வந்ததுதான் நாய். பதினான்கு வருடங்களுக்கு முன் ஊர்காவற்றுறையில் வானை வாங்கி ஓட்டிக்கொண்டு வந்தபோது, இருக்கைக்கு அடியில் என்னவோ முனகியது. இழுத்துப் பார்த்தால் என்ஜின் எண்ணெயில் ஊறிப்போன குட்டி. கன்னங்கரேலென்று இருந்ததால் பிளாக்கி என்று கூப்பிட்டார். மூன்றாம் நாள் கடலில் இறக்கிக் கழுவியதும் அது மண்ணிறமாக வெளியே வந்தது. பெயரைப் பிறகு மாற்றவில்லை. "எனக்கும் சீதனம் கிடைச்சதுதான்," என்பார். "இவள் வானோடை வந்தவள்."

வான் வாங்கிய முதல் வருடத்தில் அவருக்குப் புரியாத ஒரு வருத்தம் இருந்தது. ஒருநாள் வெங்காயம் வாங்கப் போனார். ஒலிபெருக்கி மூடியிருந்தது. ஆனாலும் வீதியின் இரு பக்கமும் படலைகள் திறந்தன. கைக்குழந்தையோடு, கரண்டியோடு, சவர்க்கார நுரை காயாத கையோடு வந்து நின்றார்கள். ஒருத்தி கேட்டாள், "ஆர் அண்ணை?" ஒருவரும் இல்லை, வெங்காயம் என்றார். அவள் நெஞ்சில் வைத்த கையை எடுத்தாள். ஆனால் முகம் உடனே மாறவில்லை. அன்று அவர் வெங்காயம் வாங்காமலே திரும்பினார். ஆசிரியர் வந்தால் படிப்பு மட்டுமா வருகிறது? தபால்காரர் வெறுங்கையோடு வரும் நாளில் அவரோடு யாரும் பேசுவதில்லையா? தனக்கு மட்டும் ஏன் இப்படி என்று அவர் யோசித்தார்.

விடையைக் கண்டுபிடித்தது நாய். குட்டியாக இருந்தபோதே ஒலிபெருக்கியில் அவர் குரல் எழும்பினால் கூடவே ஊளையிடும். புங்குடுதீவில் பெரிய வணிகர் ஒருவரின் அறிவித்தலில் அன்புத் தந்தையும் பாசமிகு பாட்டனும் என்ற இடத்தில் அதன் ஊளையும் ஒலிவாங்கிக்குள் போய், குடும்பத்தார் முகம் சுளித்தார்கள். அதன்பிறகு சாவுக்குப் போகும் நாட்களில் வங்களாவடிச் சந்தியில் தேநீர்க்கடை வைத்திருக்கும் கதிர்காமுவிடம் அதை விட்டுவிட்டுப் போனார். மற்ற நாட்களில் அது அவர் பக்கத்தில், இடப்பக்க இருக்கையில், கண்ணாடி இறக்கிய யன்னலில் தாடையை வைத்தபடி வந்தது. ஊர் இதை யாரும் சொல்லாமலே படித்துக்கொண்டது. ஒருநாள் நாரந்தனையில் ஒரு பெண் வேலிக்கு மேலால் அடுத்த வீட்டுக்குச் சொன்னது அவர் காதில் விழுந்தது.

"நாய் இருக்கு, ஒண்டுமில்லை."

அன்றுதான் அவர் வெங்காயம் வாங்கினார். நாயோடு வந்தால் அவர் வெறும் வின்சன்ற். விலை பேசலாம், மழையைத் திட்டலாம், ஒரு பிடி முருங்கையிலை வாங்கிக்கொண்டு போகலாம். நாய் இல்லாமல் வந்தால் அவர் செய்தி. பதினான்கு வருடமாக அவருக்கும் ஊருக்கும் இடையில் அந்த நாய்த் தலை ஒன்றுதான் நின்றிருக்கிறது.

நாய்க்கும் வயது போகும் என்பதை அவர் யோசிக்காமல் இருந்துவிட்டார். முதலில் பின்னங்கால்கள் தள்ளாடின. மீன்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் படியாக வைத்தார். பிறகு அந்தப் படியும் ஏலாமல் போயிற்று. தூக்கி ஏற்றினார். கண்ணில் பால் படர்ந்தது. மாட்டு டொக்டர் அதன் இடுப்பை அழுத்திப் பார்த்துவிட்டு, இந்தக் கிடங்கும் பள்ளமுமான வீதிகளில் இனி அலைக்க வேண்டாம், ஒரு இடத்தில் படுக்க விடுங்கள் என்றார். அவர் சொன்னது நியாயம். வின்சன்ற் அதன்படி நடந்தார். அதுதான் பிழையாகப் போனது.

போன மார்கழியில் பிளாக்கியைக் கதிர்காமுவின் கடையில் சாக்கு விரித்துப் படுக்க வைத்துவிட்டு, நண்டு வாங்க மெலிஞ்சிமுனைக்குப் போனார். மேரிசுகந்தியின் வீடு கரைக்குப் போகும் ஒழுங்கையில் இருக்கிறது. அவள் கணவன் றெக்ஷன் முதல்நாள் பின்னேரம் கடலுக்குப் போனவன். மற்றப் படகுகள் விடியவே வந்துவிட்டன. வெயில் ஏறியும் அவனைக் காணவில்லை. அந்த நேரத்தில்தான் ஒலிபெருக்கி மூடிய நீல வான், இடப்பக்க இருக்கை வெறுமையாக, அவள் மதிலைத் தாண்டி மெதுவாக வந்தது.

அவள் கத்தவில்லை. வின்சன்ற் படலையடிக்கு வந்தபோது, அவள் முன்கூடத்துக் கட்டிலை முற்றத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். கதிரைகள் ஏற்கெனவே வெளியே நின்றன. பிரேதம் வரும் வீட்டில் முதலில் செய்கிற வேலை கூடத்தை ஒதுக்குவது. எத்தனையோ வீடுகளில் பார்த்தும், அவருக்கு அந்த நேரத்தில் அது பிடிபடவில்லை. நத்தாருக்கு வீடு கழுவுகிறாள் என்றே நினைத்தார்.

அவள் கட்டிலை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "சொல்லுங்கோ அண்ணை. நான் தாங்குவன்."

"என்ன பிள்ளை, நான் நண்டு வாங்க வந்தனான்."

அவள் அவரைப் பார்க்கவில்லை. வானின் இடப்பக்க இருக்கையையே பார்த்தாள். "அப்ப நாய் எங்கை?"

டொக்டர் சொன்னதை அவர் சொல்லத் தொடங்கினார். முடிப்பதற்குள் அவள் குனிந்து ஒரு பிடி மணலை அள்ளி வான் கண்ணாடிக்கு எறிந்தாள். இன்னொரு பிடி. மூன்றாம் பிடியை எறியாமல் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, இழுத்துப்போட்ட கட்டிலில் இருந்துவிட்டாள். வின்சன்ற் கதிரைகளை ஒவ்வொன்றாக உள்ளே தூக்கி வைத்தார். கட்டிலை இருவரும் சேர்ந்து தூக்கினார்கள். ஒரு மணித்தியாலம் கழித்து, என்ஜின் நின்றுபோன படகை இன்னொரு படகு கட்டி இழுத்துவர, றெக்ஷன் வந்து சேர்ந்தான். கதையைக் கேட்டுச் சிரிக்கத் தொடங்கியவன், மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

அடுத்த நாள் அவள் அவித்த மீன் ஒரு பொதி கொடுத்தனுப்பினாள். இது அண்ணைக்கு இல்லை, நாய்க்கு என்று சொல்லியனுப்பினாள்.

அன்றிலிருந்து வின்சன்ற் சாவுக்கன்றி வேறெதற்கும் நாயில்லாமல் வானை எடுப்பதில்லை. நாய்க்கு அது சுகமா? இருக்கையில் மெத்தைத் துண்டு போட்டிருக்கிறார், கிடங்கு கண்டால் ஊர்ந்து போகிறார். ஆனாலும் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அது மெல்ல முனகுகிறது. ஊரின் நெஞ்சிடி ஒரு பக்கம், ஒரு கிழட்டு நாயின் இடுப்பு ஒரு பக்கம். இதில் எது பெரிது என்று யாரைக் கேட்பது? மேரிசுகந்தியின் கையில் மிஞ்சிய அந்த மூன்றாம் பிடி மணல்தான் அவர் கண்ணுக்குள் நிற்கிறது.

வழி சொல்ல ஆட்கள் இல்லாமலில்லை. கிராம அலுவலர் லக்சிகா படித்த பிள்ளை. சாவு இல்லாத நாளில் பச்சைக் கொடி கட்டுங்கள் என்றாள். கட்டினார். கட்சிக் கொடியென்று நினைத்து, தேர்தல் வந்துவிட்டதோ என்று கேட்டார்கள். கதிர்காமு, பிரான்சிலிருந்து தன் பேத்திக்கு வந்த பஞ்சு நாயைத் தூக்கிக்கொண்டு வந்து இருக்கையில் வைத்துப் பார்த்தார். தூரத்தில் பரவாயில்லை, கிட்ட வந்தால் கரடி. வேறு குட்டி பிடிக்கலாமே என்றபோது மட்டும் வின்சன்ற் எழும்பிப் போய்ப் பிளாக்கியின் சாக்கைச் சரிசெய்தார்.

கதிர்காமு ஒருநாள் தேநீரை ஆற்றியபடியே சீண்டினார். "எல்லாருக்கும் நீர் அறிவிக்கிறீர். நீர் செத்தா ஆர் காணும் அறிவிக்கிறது?"

"நாயை இறக்கிப்போட்டு வானை ஒருக்கா ஓட்டிக்கொண்டு போம். சனம் விளங்கிக்கொள்ளும்."

இருவரும் சிரித்தார்கள். பிறகு இருவருமே சாக்கில் கிடந்த பிளாக்கியைப் பார்த்தார்கள். அது போய்விட்டால் அந்த வான் என்றைக்கும் சாவு வான்தான். அதற்குள் இருக்கும் மனிதனிடம் யாரும் வெங்காய விலை பேசப்போவதில்லை.

ஆனியில் சுருவில் ஊர்ச் சின்னாச்சி ஆச்சி தொண்ணூற்றொரு வயதில் போய்ச் சேர்ந்தார். நயினாதீவுத் திருவிழாக் காலம். கதிர்காமு கடையைப் பூட்டிவிட்டு அன்னதான மடத்துக்குத் தேங்காய் திருவப் போய்விட்டார். நாயை விட இடமில்லை. இரண்டு நாளாக அது தானாக எழும்பித் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தனியாகவும் விட முடியாது. வின்சன்ற் அதைப் பின்னால் தன் மெத்தையில் படுக்க வைத்து, திரையை இழுத்து மூடினார். குட்டிக்காலத்துக்குப் பிறகு முதல் தடவையாக அது சாவுக்குப் போகிறது.

சுருவிலில் முதல் ஒழுங்கையில் ஒலிவாங்கியை எடுத்து வாசிக்கத் தொடங்கியவர், பிறப்பிடமும் வதிவிடமும் முடிந்ததும் சற்று நிறுத்தினார். பின்னாலிருந்து ஊளை வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. திரையை விலக்கிப் பார்த்தார். வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு ஒலிபெருக்கியும் தலைக்கு மேலே முழங்க, அது ஒன்றும் கேளாமல் தூங்கிக்கொண்டிருந்தது. எப்போதிலிருந்து கேட்கவில்லை என்பது அவருக்குத் தெரியவில்லை. தன் குரலே அந்தக் காதுகளை மூடிற்றோ என்று ஒரு கணம் நினைத்தார். பிறகு மிச்சத்தை வாசித்தார். சுருவில், நாரந்தனை, கரம்பன் என்று எல்லா ஒழுங்கை முடிவிலும் குரலை இறக்கினார். "எங்கடை பப்படம் பொரிக்கிற சின்னாச்சி ஆச்சி."

கரம்பனில் ஒலிபெருக்கியை மூடினார். அந்தக் கிழமை அவர் தங்குவது மெலிஞ்சிமுனைக் கரையில். சின்னாச்சியின் சொந்தங்கள் யாரும் அங்கே இல்லை, அறிவிக்கவும் ஒன்றுமில்லை. ஆனால் காற்று அந்தப் பக்கம் அடித்துக்கொண்டிருந்தது. தன் குரலை அது கொண்டுபோயிருக்கும், பெயரைக் கொண்டுபோயிராது. படகுகள் கடலில் நின்றன.

ஒழுங்கை முகப்பில் வானை நிறுத்தினார். பின்கதவைத் திறந்து பிளாக்கியை இரண்டு கையாலும் தூக்கிவந்து இடப்பக்க இருக்கையில் வைத்தார். சாரம் ஒன்றை மடித்து அணை கொடுத்து, தலையை யன்னலில் சாய்த்தார். வான் அசைந்ததும் தலை சரிந்து உள்ளே விழுந்தது. நிறுத்தி மறுபடி தூக்கி வைத்தார். மறுபடியும் விழுந்தது. அது கண்ணைத் திறந்து அவரைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

அவர் வானை இரண்டாம் கியரில் போட்டார். பிறகு கியருக்கு இனிக் கை தேவையில்லை என்பதுபோல இடக்கையை எடுத்து நாயின் தாடைக்குக் கீழே கொடுத்து, வலக்கையால் மட்டும் ஸ்ரேறிங் வளையத்தைப் பிடித்துக் கிளப்பினார். என்ஜின் உறுமி உறுமி ஒழுங்கை முழுவதும் அதே கியரில் ஊர்ந்தது. தூரத்தில் மேரிசுகந்தியின் வீட்டுப் படலை திறந்திருந்தது. அதில் யாரோ நின்றார்கள். மதிலை நெருங்கியதும், அவர் தாடைக்குக் கீழிருந்த கையை இன்னும் ஒரு விரற்கடை உயர்த்தினார்.